அமெரிக்காவில் ஒரு காதுகுத்து

அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு மக்களின் காதுமேல் தனிப் பாசம் உண்டு. இல்லாவிட்டால் 'செவிப் பாதுகாப்புச் சட்டம்' என்று பெயர் சூட்டி 2015-ல் ஒரு மசோதாவைக் கொண்டுவந்து, அது கிடப்பில் விழுந்ததும் 2017 ஜனவரியில் தூசி தட்டி மறுபடி கொண்டுவருவார்களா? பெயரைக் கேட்டதும் நமக்கு என்னென்னவோ தோன்றும். நாளெல்லாம் இரையும் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஏதோ விடிவு வரப்போகிறது, காது மந்தமான பெரியவர்களுக்கு அரசு செலவில் காது மெஷின் கிடைக்கப்போகிறது என்று மனம் குளிரும். மசோதாவைப் பிரித்தால் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றே ஒன்று: துப்பாக்கியின் வாயில் மாட்டும் சைலன்சர். அதை வாங்க 1934 முதல் இருந்துவந்த 200 டாலர் வரியை எடுக்க வேண்டும், பதிவு செய்யும் கெடுபிடியையும் எடுக்க வேண்டும். பாவம், சுடுகிறவர்களுக்குக் காது வலிக்கிறதாம்.

சுடப்படுகிறவர்களுக்கு எங்கே வலிக்கும் என்பதற்கு மசோதாவில் ஒரு பிரிவும் இல்லை.

துப்பாக்கிச் சத்தம் காதைக் கெடுக்கும் என்பதில் பொய்யில்லை; அதையும் சொல்லிவிட வேண்டும். 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை பார்க்கலாம் என்று அமெரிக்க அரசின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. அதற்குமேல் 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதி பாதியாகக் குறையும். 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு மணி, 100-க்கு வெறும் கால் மணி. ராணுவத் துப்பாக்கி சுடுகிறவனின் காதோரம் எழுப்புவது 155, 160 டெசிபல். அந்தக் கணக்கில் அதற்கு நேரமே கிடையாது. 140-ஐத் தாண்டிய ஒரே ஒரு வெடி, இமை மூடித் திறப்பதற்குள், உள்காதில் ஆயுசுக்கும் ஆறாத வேலையைச் செய்துவிடலாம். ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள். பிறக்கும்போது எண்ணிக் கொடுத்தவை, போனால் போனவைதான். கோழிக்குப் போனால் மறுபடி முளைக்கும், மனிதனுக்கு முளைக்காது. துப்பாக்கி பிடிக்கத் தெரியாத பிராணிக்குப் போய் இயற்கை இப்படியொரு வரத்தைக் கொடுத்து வீணடித்திருக்கிறது.

போவதும் ஒரே நாளில் போகாது. 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முதல் ஓட்டை விழும். அப்போது ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது கேட்காது. 'ஸ', 'ஷ' எல்லாம் உதிர்ந்துபோய் மிச்சமுள்ள எழுத்துகளை வைத்து வாக்கியத்தை ஊகித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் மின்விசிறி ஓடினால் ஊகமும் போச்சு. கூடவே காதிரைச்சல் வரும். சில்வண்டு கத்துகிறது என்பார்கள் சிலர், குக்கர் விசில் நிற்கவே மாட்டேன் என்கிறது என்பார்கள் சிலர். ராத்திரி ஊர் அடங்கிய பிறகுதான் அதன் கச்சேரி களைகட்டும்.

ஆகவே, சம்பளத்துக்குச் சுடுகிற சிப்பாய்க்கு நல்ல காதடைப்பான் வேண்டும். 2003 முதல் 2015 வரை அமெரிக்க ராணுவம் வாங்கிக் கொடுத்ததன் பெயர் 'காம்பாட் ஆர்ம்ஸ்'. ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போன லட்சக்கணக்கான பிள்ளைகள் அதைத்தான் நம்பினார்கள். விரல் நீளம்கூட இல்லாத ரப்பர் துண்டு. இரண்டு முனையிலும் அடுக்கடுக்காக மும்மூன்று குடைகள். ஒரு முனை ராணுவப் பச்சை, மறுமுனை மஞ்சள். பச்சையைக் காதுக்குள் செருகினால் எல்லாச் சத்தமும் அடைபடும். மஞ்சளைச் செருகினால் பேச்சு கேட்கும், வெடிச் சத்தம் மட்டும் அடைபடும். அதிகாரியின் உத்தரவு கேட்க வேண்டும், அந்த உத்தரவின் விளைவு கேட்கக் கூடாது. இதைவிட லட்சியச் சிப்பாய் எந்த ராணுவத்துக்கும் கிடைக்க மாட்டான்.

செய்தது இண்டியானாபோலிஸில் இருந்த ஏரோ என்ற கம்பெனி. 2008-ல் அதை 120 கோடி டாலருக்கு வாங்கியது 3எம். அவர்களை நமக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. நம் வீட்டுத் தொட்டியில் பாத்திரம் துலக்கும் ஸ்காட்ச்-பிரைட் பச்சை நார் அவர்களுடையது. ஆபீஸில் கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டிவைக்கும் மஞ்சள் போஸ்ட்-இட் சீட்டும் அவர்களுடையதுதான். பச்சையும் மஞ்சளும் ராசியான நிறங்கள் போலிருக்கிறது.

இனி அந்த ரப்பர் துண்டின் ஜாதகம். ராணுவத்துக்கு மொத்தமாகப் போவதற்கு மூன்று வருடம் முன்பே, 2000-ல், ஏரோவின் சொந்தச் சோதனைக்கூடத்தில் அதை ஆட்களின் காதில் மாட்டிப் பார்த்தார்கள். பத்துப் பேரைச் சோதிக்க வேண்டும். எட்டாவது ஆளோடு பச்சை முனைச் சோதனையை நிறுத்திவிட்டார்கள். ஒலிக்குறைப்பு மதிப்பெண் 11-ஐக்கூடத் தொடவில்லை. ஏன் என்று நோண்டியபோது காரணம் கிடைத்தது: தண்டு குட்டை. பச்சை முனையை ஆழமாகச் செருகும்போது வெளியே நிற்கும் மஞ்சள் குடைகள் காதுத் துவாரத்தின் வாயில் முட்டி மடங்குகின்றன. கையை எடுத்ததும் அவை நிமிரப் பார்க்கின்றன. நிமிரும்போது அடைப்பானை வெளியே தள்ளுகின்றன. எவ்வளவு? மாட்டியிருப்பவனுக்கே தெரியாத அளவு. மயிரிழை இடைவெளி போதும், 160 டெசிபல் உள்ளே நுழைய.

இதற்கு வைத்தியத்தையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். வெளியே நிற்கும் குடைகளைப் பின்பக்கமாக மடக்கிவிட்டுச் செருகினால் அடைப்பான் நிற்கிறது. அப்படி மடக்கி மறுசோதனை செய்தார்கள். மதிப்பெண் 22 என்று வந்தது. இரட்டிப்பு! அந்த 22 தான் பச்சை முனையின் மதிப்பெண்ணாக ஊருக்கு அறிவிக்கப்பட்டது. மடக்க வேண்டும் என்ற சூட்சுமத்தைப் போர்முனைக்குப் போகிறவனிடம் சொல்லாமல் விட்டார்கள் என்பதுதான் பின்னால் வந்த வழக்குகளின் உயிர்நாடி. எல்லாவற்றையும் அந்த வருடமே ஓர் உள் அறிக்கையில் ஒழுங்காக எழுதியிருந்தார்கள். எழுதியதைக் காதும் காதும் வைத்தாற்போல் வைத்திருந்தார்கள்.

தண்டு ஏன் குட்டையாயிற்று என்பதற்குக் கம்பெனி நீதிமன்றத்தில் சொன்ன பதிலைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். ராணுவம்தான் குட்டையாக்கச் சொன்னதாம். ராணுவம் கொடுக்கும் டப்பாவுக்குள் அடங்க வேண்டுமே! டப்பாவுக்கு அம்சமாகப் பொருந்தியது. காதுக்குப் பொருந்தாததெல்லாம் காதின் குற்றம். சிப்பாய்களின் காதை டப்பா அளவுக்குச் செதுக்கச் சொல்லாமல் விட்டார்களே, அதற்குப் புண்ணியம் உண்டு. 'அரசு சொன்னதைச் செய்தோம், எங்களைக் கேட்காதே' என்ற அந்தத் தற்காப்பை 2020-ல் நீதிபதி தள்ளிவிட்டார்.

இவ்வளவும் வெளியே வந்தது எப்படி? யாருடைய மனசாட்சியாவது உறுத்தியதா, ராணுவத் தணிக்கையில் யாராவது விரல் வைத்துப் பார்த்தாரா? அப்படியெல்லாம் அவசரப்பட்டு அமெரிக்காவைப் பற்றி உயர்வாக எண்ணிவிட வேண்டாம். போட்டிக் கம்பெனி போட்டுக்கொடுத்தது. மோல்டெக்ஸ்-மெட்ரிக் என்ற இன்னொரு காதடைப்பான் கம்பெனி 2016-ல், அரசை ஏமாற்றிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டது. 2018 ஜூலையில் 3எம் அரசுக்கு 91 லட்சம் டாலர் கொடுத்து, பொறுப்பு எதையும் ஒப்புக்கொள்ளாமல், சமரசம் செய்துகொண்டது. அரசுக்குப் பணம் வந்தது. போட்டுக்கொடுத்த கம்பெனிக்குப் பங்கு வந்தது. காது போனவனுக்கு அதில் ஒரு காசு வரவில்லை; அந்த வழக்கில் அவன் கட்சிக்காரனே இல்லை. ஏமாந்தது அரசாங்கத்தின் பர்ஸ்தான் என்று முடிவானது.

அதற்குப் பிறகுதான் சிப்பாய்கள் கிளம்பினார்கள். ஃபுளோரிடாவின் பென்சகோலா நீதிமன்றத்தில் வழக்குகள் குவிந்தன. இரண்டரை லட்சத்துக்கும் மேல்! ஒரே நீதிபதியிடம் தொகுத்துக் கொடுக்கப்பட்டவற்றில் அமெரிக்க வரலாறு காணாத குவியல். மாதிரிக்கு 16 விசாரணைகள் ஜூரியின் முன் நடந்தன. பத்தில் சிப்பாய்கள் ஜெயித்தார்கள், ஆறில் கம்பெனி ஜெயித்தது. 2022 ஜனவரியில் ஒரு ஜூரி இரண்டே சிப்பாய்களுக்கு 11 கோடி டாலர் எழுதிவைத்தது. இரண்டு பேருக்கு இவ்வளவென்றால் இரண்டரை லட்சம் பேருக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்க்கக் கம்பெனிக்குக் கால்குலேட்டர் தேவைப்பட்டிருக்காது.

உடனே ஞானோதயம். அந்த வருடம் ஜூலையில் ஏரோ மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தது. கவனியுங்கள், 3எம் கொடுக்கவில்லை. 3எம் கொழுகொழுவென்று இருந்தது. சட்டைப்பைக்குள் இருந்த பிள்ளைக் கம்பெனியை எடுத்து நீதிமன்ற வாசலில் படுக்கவைத்து, 'ஐயா, இது சாகக் கிடக்கிறது, வழக்குகளை நிறுத்துங்கள்' என்றது தாய்க் கம்பெனி. தாயும் கூடவே சேர்ந்து ஒதுங்கிக்கொள்ளலாம் என்று கணக்கு. நம் ஊர் சீட்டுக் கம்பெனிக்காரர் சொத்தையெல்லாம் மச்சான் பெயருக்கு மாற்றிவிட்டு ஓடுவார். அதை இங்கே மோசடி என்போம். அங்கே அதற்கு ஆயிரம் டாலர் கோட்டுப் போட்ட வக்கீல்கள் வந்து 'மறுசீரமைப்பு' என்று வாதாடுகிறார்கள். 2023 ஜூனில் திவால் நீதிபதி, பிள்ளைக்கு ஒரு நோயும் இல்லை, எழுந்து நடக்கச் சொல்லுங்கள் என்கிற மாதிரி மனுவைத் தள்ளுபடி செய்தார்.

இதற்கு நடுவில் இன்னொரு வித்தை. வழக்குப் போட்டவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அளவுகோல்படி செவித்திறன் குறைபாடே இல்லை என்று, ராணுவம் வைத்திருந்த பரிசோதனைப் பதிவுகளைக் காட்டி 3எம் அறிவித்தது. 90 சதவீதம் பொய்யர்கள்! என்ன அநியாயம் என்று நாமும் ஒரு நிமிடம் கொதிக்கலாம். அந்த அளவுகோல் 500, 1,000, 2,000, 3,000 ஹெர்ட்ஸ் நான்கிலும் காது எப்படிக் கேட்கிறது என்று பார்த்துச் சராசரி போடுகிறது. வெடிச் சத்தம் முதலில் ஓட்டை போடும் 4,000 அதில் இல்லை. திருடன் கொல்லைப்புறமாக வந்துபோன வீட்டில், திண்ணையைச் சுற்றிப் பார்த்துவிட்டு 'ஒன்றும் களவு போகவில்லை' என்று எழுதிக் கொடுத்த மாதிரி. ராப்பகல் இரையும் காதிரைச்சலுக்கும் அந்தச் சராசரியில் ஒரு கட்டம் கிடையாது. இரைச்சலை யாரும் வெளியிலிருந்து கேட்க முடியாது, அதனால் அது இல்லை.

கடைசியில் 2023 ஆகஸ்டில் 601 கோடி டாலருக்கு ஒப்பந்தம். மொத்தமாக அல்ல, 2029 வரை தவணை முறையில். இதிலும் கம்பெனி எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை. பொருள் நல்ல பொருள்தான், சரியாகப் போட்டால் காக்கும் என்பதே அதன் நிலை. 601 கோடியை இரண்டரை லட்சத்தால் வகுத்தால் தலைக்குச் சராசரி 24,000 டாலர், வக்கீல் பங்கைக் கழிப்பதற்கு முன்பு. கேட்கும்போது பெரிய தொகையாக இருக்கும், கேட்க முடிகிறவர்களுக்கு.

சிப்பாயின் காதுக்கு அரசாங்கம் போடும் விலை இதைவிடச் சுவை. முன்னாள் படைவீரர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் துறையின் ஏட்டில் முதலிடத்தில் நிற்கும் ஊனம் கை கால் போனதல்ல, காதிரைச்சல். 27 லட்சம் பேருக்கு மேல். செவித்திறன் இழப்பும் முன்வரிசையில் நிற்கிறது. காதிரைச்சலுக்கு ஊன மதிப்பு 10 சதவீதம். 2025 கணக்கில் மாதம் 175 டாலர் சொச்சம். ஒரு காதில் இரைந்தால் 10, இரண்டு காதிலும் இரைந்தால்? அப்போதும் 10 தான். இரண்டு காதுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள் என்று ஒரு முன்னாள் வீரர் வழக்காடி, 2006-ல் மேல் நீதிமன்றம் துறையின் பக்கம் நின்றது. இரண்டாவது காதை அமெரிக்க அரசு இலவசமாக எடுத்துக்கொள்கிறது.

இதற்கு நாம் சிரிக்கலாமா என்றால் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசு கூடாது என்று நம் நாட்டிலும் விதி இருக்கிறது. தலைவர் காரிலிருந்து இறங்கும்போது தெருவை அடைத்துக் கொளுத்தும் சரவெடியை நான்கு மீட்டர் தள்ளி நின்று மீட்டர் வைத்து அளந்த அதிகாரி எவராவது உண்டா? இருந்தால் அவருக்கு இப்போது எந்த ஊருக்கு மாற்றல் என்று விசாரிக்க வேண்டும். சரி, நம் கதை நமக்குத் தனியாக இருக்கிறது. அதை இன்னொரு நாள் திட்டிக்கொள்ளலாம்.

ஆரம்பத்தில் விட்ட சைலன்சருக்குத் திரும்புவோம். அது பிறந்த குடும்பம் ஒரு விசித்திரக் குடும்பம். ஹைரம் மேக்சிம் என்ற அமெரிக்கர் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து, 1884-ல் உலகின் முதல் தானியங்கி இயந்திரத் துப்பாக்கியைச் செய்தார். ஆப்பிரிக்காவில் ஈட்டி பிடித்து நின்றவர்களை வெள்ளைக்காரப் படை வரிசை வரிசையாக அறுத்துத் தள்ளியது அந்தத் துப்பாக்கியால்தான். அதற்குச் 'சர்' பட்டம் கொடுத்தார்கள். தன் துப்பாக்கியைத் தானே சுட்டுச் சுட்டுப் பார்த்ததில் மனிதருக்குக் காது கெட்டு, முதுமையில் முழுச் செவிடாகிவிட்டார். அந்த ஆயுதம் தன் வாழ்நாளில் வழங்கிய ஒரே நியாயமான தீர்ப்பு அது. அவருடைய மகன் ஹைரம் பெர்சி மேக்சிம் அமெரிக்காவிலேயே இருந்து, 1909-ல் சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினார். அப்பா சுடச் சொல்லிக் கொடுத்தார், பிள்ளை சத்தமில்லாமல் சுடச் சொல்லிக் கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால் பிள்ளை வானொலிப் பித்தர். தொலைதூரக் குரல்களைக் கேட்பதற்கென்றே 1914-ல் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்குச் சங்கம் வைத்தவர்.

1934-ல், சாராயக் கும்பல்களின் துப்பாக்கிச் சண்டையில் ஊர் நாறிக்கிடந்த காலத்தில், இயந்திரத் துப்பாக்கியோடு சைலன்சரையும் ஒரே பட்டியலில் சேர்த்து 200 டாலர் வரி போட்டார்கள். அன்றைக்கு அது சாமானியன் எட்டாத தொகை. விலைவாசிக்கேற்ப அதை ஒருமுறைகூட உயர்த்தவில்லை. 90 வருடமாக அதே 200 தான் இருந்தது. வரி போட்ட சட்டமே வரியைச் சாகவிட்டது. இருந்தாலும் பெயரைப் பதிய வேண்டும், விரல் ரேகை கொடுக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் வியாபாரிகளின் கண்ணை உறுத்தியது. 2016-ல், அப்போதைய வேட்பாளர் டிரம்ப்பின் மூத்த மகனே ஒரு சைலன்சர் கம்பெனியின் வீடியோவில் வந்து உட்கார்ந்து, வேட்டைக்காரர்களின் காதுகளுக்காகப் பரிந்து பேசினார்.

சைலன்சர் சத்தத்தைக் குறைக்கிறது, உண்மைதான். 20 முதல் 35 டெசிபல் வரை குறையும். நம் சினிமாவில் வில்லனின் கையாள் மாட்டிச் சுட்டால் 'புஸ்' என்று கேட்குமே, அப்படியெல்லாம் இல்லை. மாட்டிய பிறகும் ரைஃபிள் 130-க்கு மேல்தான் கத்தும், காதடைப்பானும் வேண்டியிருக்கும். நார்வேயில் சைலன்சரைக் கடையில் சாதாரணமாக வாங்கலாம் என்று அதன் ரசிகர்கள் அடிக்கடி எடுத்துவிடுவார்கள். நார்வேயில் துப்பாக்கி வாங்கப் பயிற்சி வகுப்பும் போலீஸ் அனுமதியும் வேண்டும் என்ற பாதியை மட்டும் அவர்கள் காதில் மாட்டியிருக்கும் அடைப்பான் வடிகட்டிவிடும்.

2017 ஜூன் 14. செவிப் பாதுகாப்பை உள்ளடக்கிய ஒரு பெரிய மசோதா பற்றி நாடாளுமன்றத் துணைக்குழு அன்று காலை விசாரிப்பதாக இருந்தது. அன்று காலை ஏழு மணிக்கு, வாஷிங்டனை அடுத்த அலெக்சாண்ட்ரியா மைதானத்தில் பேஸ்பால் பயிற்சியில் இருந்த ஆளுங்கட்சி உறுப்பினர்களை ஒருவன் சுட்டான். அவைக் கொறடா ஸ்டீவ் ஸ்கலிஸ் இடுப்பில் குண்டு பாய்ந்து பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு பிழைத்தார். விசாரணையை ரத்து செய்தார்கள். மனம் மாறி அல்ல; அன்றைக்கு மட்டும். செப்டம்பரில் குழு மசோதாவை நிறைவேற்றி அவைக்குத் தயாராக்கியது. அக்டோபர் 1 இரவு லாஸ் வேகஸில், 32-வது மாடி ஜன்னலிலிருந்து ஒருவன் கீழே பாட்டுக் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தின் மேல் பத்து நிமிடத்தில் ஆயிரத்துக்கும் அதிகமான குண்டுகளைப் பொழிந்தான். முதல் சத்தத்தைப் பலர் பட்டாசு என்றே நினைத்தார்கள். அடுத்தடுத்த சத்தம் கேட்டுத்தான் ஓடினார்கள், படுத்தார்கள், பக்கத்தில் நின்றவரை இழுத்துக்கொண்டு மறைந்தார்கள். அந்த இரவில் உயிர் தப்பியவர்களைக் கேட்டால் சொல்வார்கள், துப்பாக்கிக்குச் சத்தம் எதற்கு என்று. 58 பேர் அப்போதே செத்தார்கள்; காயங்களால் பின்னர் இறந்தவர்களோடு 60. செவிப் பாதுகாப்பை மறுபடி பரணில் போட்டார்கள். சவ ஊர்வலத்தின் நடுவே கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டாம் என்கிற நாகரிகம் அவர்களுக்கு உண்டு.

2019 மே 31-ல் வர்ஜீனியா பீச் நகராட்சிக் கட்டடத்தில் ஒருவன் உடன் வேலை பார்த்தவர்களைச் சுட்டு 12 பேரைக் கொன்றான். அவன் கைத்துப்பாக்கியில் சைலன்சர் இருந்தது. அவனுடைய காது பத்திரமாக இருந்திருக்கும்.

டெக்சாஸில் யுவால்டி என்றொரு சின்ன ஊர். 2022 மே 24 அன்று அங்கே ராப் தொடக்கப் பள்ளிக்குள் ஒருவன் புகுந்து 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றான். வந்து குவிந்த போலீஸ்காரர்கள் மொத்தம் 376 பேர். உள்ளே போய் அவனைச் சுட 77 நிமிடம் ஆயிற்று. அதுவரை அந்தத் தாழ்வாரத்தில் நடந்ததைப் பள்ளியின் கேமரா பதிவு செய்திருந்தது. ஜூலையில் ஒரு நாளிதழ் அதை வெளியிட்டது. தலைக்கவசமும் கேடயமும் துப்பாக்கியுமாக நிற்கிறார்கள். ஒருவர் சுவரில் இருக்கும் சானிடைசரைப் பிதுக்கி நிதானமாகக் கையில் தடவிக்கொள்கிறார். வகுப்பறைப் பக்கத்திலிருந்து என்ன கேட்டது என்பது மட்டும் நமக்குக் கேட்காது. குழந்தைகளின் அலறலை நீக்கியிருக்கிறோம் என்று திரையில் எழுதிக் காட்டினார்கள்.

நாளிதழைக் குற்றம் சொல்ல மாட்டேன். பெற்ற வயிறுகளை நினைத்துச் செய்திருப்பார்கள். ஆனால் அந்த ஒலிநாடாவுக்கு உரிமையுள்ள காதுகள் வாஷிங்டனில் இருக்கின்றன. கதவைத் தாழிட்டு, அவர்களை வரிசையாக உட்காரவைத்து, ஒரு டெசிபலும் குறைக்காமல் 77 நிமிடமும் போட்டுக்காட்டியிருக்க வேண்டும். எழுந்து போகக் கூடாது, போனைப் பார்க்கக் கூடாது, காதைப் பொத்தக் கூடாது. ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் வந்து நின்று பிரார்த்தனை செய்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்களே, அவர்கள் காதில் போட்டிருக்கும் அடைப்பான் மாதிரி ஒன்றை 3எம் செய்திருந்தால் ஒரு சிப்பாயும் வழக்குப் போட்டிருக்க மாட்டான். அதற்குத் தண்டு குட்டை இல்லை, ஒருநாளும் நழுவுவதில்லை, எவ்வளவு அலறினாலும் உள்ளே ஒன்றும் இறங்குவதில்லை.

2025 ஜூலை 4-ல் அமெரிக்காவின் சுதந்திர தினத்தன்று டிரம்ப் கையெழுத்திட்ட மாபெரும் வரிச் சட்டத்துக்குள் செவிப் பாதுகாப்பு ஒருவழியாகக் குடியேறியது. சைலன்சரைப் பதிவுப் பட்டியலிலிருந்தே தூக்கிவிடக் கீழவை விரும்பியது. இது பட்ஜெட் விவகாரம் இல்லையே என்று மேலவையின் விதி அதிகாரி தடுத்ததால், வரியை மட்டும் 200-லிருந்து பூஜ்யமாக்கினார்கள். 2026 ஜனவரி 1 முதல் அமல். இயந்திரத் துப்பாக்கிக்குப் பழைய 200 டாலர் அப்படியே. எதிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டுமில்லையா? கையெழுத்தின் ஈரம் காய்வதற்குள், அன்றைக்கே, துப்பாக்கிச் சங்கங்கள் நீதிமன்றம் போயின. வரிதான் பூஜ்யம் ஆகிவிட்டதே, பூஜ்யத்தை வசூலிக்க எதற்குப் பதிவேடு என்பது அவர்கள் வாதம். அதே சட்டத்தால் 2034-க்குள் சுமார் ஒரு கோடிப் பேர் மருத்துவக் காப்பீடு இழப்பார்கள் என்று நாடாளுமன்றத்தின் சொந்தக் கணக்கு அலுவலகமே மதிப்பிட்டது.

ஆரம்பத்தில் காது மெஷின் என்று ஏமாந்தோமே, அதன் கதி இது. அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 1965-ல் வந்தது. காது மெஷினுக்குக் காசு கிடையாது என்று அன்றைக்கே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அறுபது வருடமாகியும் மூல மெடிகேரில் அந்த வரி அழியவில்லை. காது வைத்தியத்தையும் சேர்க்கலாம் என்று 2021-ல் கீழவை ஒரு மசோதா நிறைவேற்றியது, மேலவையில் செத்தது. எண்பது வயதுக் கிழவி ஒருத்திக்குப் பேரன் பேசுவது புரிய வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான டாலரைச் சொந்தக் கையிலிருந்து எண்ணி வைக்க வேண்டும், அல்லது 2022-லிருந்து கடையில் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கும் மலிவுச் சரக்கைத் தானே மாட்டித் தானே திருகிக்கொள்ள வேண்டும். அவளுக்கு நான் சொல்லக்கூடிய உபாயம் ஒன்றுதான். அந்த மெஷினைத் துப்பாக்கிக் குழாயின் நுனியிலும் திருகி மாட்டலாம் என்று எந்தக் கம்பெனியாவது விளம்பரம் செய்யட்டும். அடுத்த கூட்டத்தொடரிலேயே வரிவிலக்கோடு வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.